பதினாலாம் கட்டிலுக்கு வரவேண்டிய பதில்

லிஃப்ட் மெக்கானிக் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த பதினோராம் நாள், "தண்ணி வேணுமாங்க?" என்று காலை எட்டேகாலுக்கு மனைவி கேட்ட கேள்விக்கு, மதியம் பன்னிரண்டே முக்காலுக்குப் பதில் வந்தது. அப்போது அவர் கட்டிலில் இல்லை. ஸ்கேன் எடுப்பதற்காக இரண்டு பேர் தள்ளுவண்டியில் வைத்துக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பதினாலாம் நம்பர் காலிக் கட்டிலின் தலைமாட்டில், தலையணைக்கு ஒரு சாண் மேலே, "வேணும்" என்றது அவர் குரல். கொஞ்சம் சளி கட்டியிருந்ததே தவிர வேறு குறை சொல்ல முடியாது. மனைவி டம்ளரில் தண்ணீரை ஊற்றி, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், குரல் வந்த இடத்துக்கு நேராகக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். கை வலித்ததும் அவளே குடித்துவிட்டாள்.

பத்தொன்பது வருஷமாக அந்த மனிதர் ஊரிலுள்ள கட்டிடங்களில் எல்லாம் ஏறி, "கதவு திறந்துச்சுன்னா உள்ள பெட்டி இருக்கான்னு பார்த்துட்டுக் கால வைங்க" என்று மற்றவர்களுக்குப் புத்தி சொல்லி வந்தவர். ஒரு புதன்கிழமை இரண்டாம் மாடியில் கதவு திறந்தது. பார்க்காமல் கால் வைத்தார். பெட்டி கீழே இருந்தது. ஊருக்கு உபதேசம் என்று நாம் கேலி பேசினோம். அந்தப் பேச்சில் நமக்கும் பங்கு உண்டு, இல்லை என்று மழுப்பிப் பயனில்லை. அவர் மனைவி பஸ் நிலையத்து விசாரணை ஜன்னலில் உட்காருகிறவள். எல்லோருக்கும் விசாரணை அக்கா. கண்ணாடியில் உள்ளங்கை அளவு ஒரு ஓட்டை, அதன் வழியாக ஒரு நாளைக்கு அறுநூறு கேள்வி வரும். ஆள் வாயைத் திறக்கும்போதே முகத்தைப் பார்த்து ஊரைக் கண்டுபிடித்து, கேள்வி பாதி வரும்போது முழுப் பதிலையும் சொல்லி அனுப்பிவிடுவாள். மூன்று நொடிக்கு மேல் ஒரு கேள்வி அந்தரத்தில் நின்றால் அவளுக்குக் கை பரபரக்கும். பிறத்தியார் கேள்வியாக இருந்தாலும் எடுத்துப் பதில் சொல்லிவிடுவாள். வீட்டிலும் அப்படித்தான். "சாப்டீங்களா மாப்பிள்ளை?" என்று யாராவது கேட்டால், மெக்கானிக் யோசித்து முடிப்பதற்குள் "சாப்டாச்சு, ரெண்டாவது தடவ வேற" என்று அவள் சொல்லியாகிவிடும். அவர் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு மூன்று வீடு தாண்டிக் கேட்கும். பழைய லிஃப்ட் ஒன்று கிளம்புகிற மாதிரி முதலில் ஒரு உறுமல், பிறகு ஒரு குலுக்கல், அதற்கப்புறம்தான் சத்தம்.

அவர் விழுந்த சேதி வந்தபோது அவள் குளித்துவிட்டு வந்திருந்தாள். வாசலில் கிடந்ததில் காலை விட்டுக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் பார்த்தாள்: வலது காலில் தன்னுடைய பழுப்புச் செருப்பு, இடது காலில் பக்கத்து வீட்டுக்காரியின் நீலச் செருப்பு, அதுவும் ஒரு சைஸ் பெரிது. நாலு நாள் அவள் வீட்டுக்குப் போகவில்லை. டப் டப் என்று ஒரு கால், சரக் சரக் என்று ஒரு கால், வார்டு முழுக்க நடந்தாள். நாலாம் நாள் சாயங்காலம் அவர் கண் திறந்தார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பேசிப் பாருங்கள் என்று ஒதுங்கினார். அவள் பதினாலாம் கட்டிலின் பக்கத்தில் நின்று, அந்த மாதிரிக் கட்டில்களின் பக்கத்தில் நின்ற எல்லோரும் கேட்பதைக் கேட்டாள்.

"என்னங்க, நான் யாருன்னு தெரியுதா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கண் கீழே, தரைப் பக்கமாக எங்கேயோ இறங்கி அங்கேயே நின்றது. டாக்டர் கட்டிலில் தொங்கிய அட்டையில் 'பார்வை நிலைகொள்ளவில்லை' என்று எழுதினார். ஒரு நொடி, இரண்டு நொடி, மூன்று நொடி. அவளுக்குள் 'தெரியல' என்று ஒரு பதில் எழுந்தது. அதை வாய்விட்டுச் சொன்னாளா, மனதுக்குள் சொன்னாளா என்பது பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி அரை டஜன் பழமும் ஒரு பழுப்புச் செருப்பும் கொண்டுவந்து, பழத்தைக் கொடுத்து, நீலச் செருப்பை வாங்கிக்கொண்டு போனாள்.

பேச்சுப் பயிற்சி டீச்சர் என்று ஒரு சின்னப் பெண் வார்டுக்கு வருவாள். ஜன்னலோரம் நின்று பிஸ்கட் தின்றுகொண்டே ஆட்களைக் கவனிப்பது அவள் வழக்கம். 'வேணும்' வந்த கதையைக் கேட்டு அவள் ஆச்சரியப்படவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி மூன்று கோடு போட்டுக் கொடுத்தாள்: என்ன கேட்டோம், எங்கே கேட்டோம், எப்போது கேட்டோம், என்ன பதில் வந்தது. ஒரு மாதத்தில் விதி புரிந்துவிட்டது. மெக்கானிக்கின் வாய் பேசாது. ஆனால் பதில் வரும். அவர் இருக்கும் இடத்துக்கு வராது, கேள்வி கேட்ட இடத்துக்கு வரும். சின்னக் கேள்விக்கு நாலரை மணி நேரம். கொஞ்சம் யோசிக்க வேண்டியது என்றால் நாலு நாள், பத்து நாள். வீட்டுக்கு வந்த பிறகு, காலையில் அடுப்படியில் "உப்பு போதுமா?" என்று கேட்டதற்கு, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பின் அடுப்படியே "கம்மி" என்றது. இரண்டாவது விதிதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. இடையில் வேறு யாராவது அவருக்காகப் பதில் சொல்லிவிட்டால், அவருடைய பதில் வராமலே போய்விடும். முதல் இரண்டு மாதத்தில் மட்டும் அவள் இப்படி நூற்றுப் பதினோரு பதில்களைக் கெடுத்திருந்தாள். நோட்டில் அவற்றுக்கு நேரே சிவப்பு மையில் 'நான்' என்று எழுதியிருக்கிறாள்.

முதல் பக்கத்தில் முதல் வரியாக, டீச்சர் சொல்லாமலே, பழைய தேதியிட்டு அந்த நாலாம் நாள் கேள்வியை எழுதினாள். பதில் என்ற இடம் காலி. சிவப்பு மையில் 'நான்' என்று எழுதவேண்டுமா என்பது அவளுக்கே தெரியாததால் அதையும் எழுதவில்லை.

அவளுடைய அண்ணன் ஞாயிறுதோறும் வருவார். வீட்டில் பல்பு மாற்றுவது, கேஸ் சிலிண்டர் திருகுவது, குழாய்க்கு வாஷர் போடுவது எல்லாம் அவர்தான். நல்ல மனிதர், நல்லது சொல்கிறேன் என்று உயிரை வாங்குகிற வகை. ஆறு மணி நேரப் பயணத்தில் ஒரு காப்பகம் இருப்பதாகவும், தோட்டம் உண்டென்றும், அங்கே மாப்பிள்ளையைச் சேர்த்துவிட்டால் தங்கைக்கு மூச்சு விட முடியும் என்றும் ஒரு ஃபாரத்தைக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் அவரே நிரப்பிவிட்டார். அவள் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

"ஏம்மா, அவருக்கு நீ யாருன்னாவது தெரியுதா? யாருக்காக இப்படிக் கெடந்து தேயுற?"

"அத அவருகிட்ட கேட்டிருக்கேன் அண்ணா. பதில் வரட்டும். தெரியாதுன்னு வந்துச்சுன்னா அன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்."

"வரலன்னா?"

பஸ் நிலையத்தில் ரத்தான வண்டிக்கும் தாமதமான வண்டிக்கும் தனித்தனிப் பலகை உண்டு. இரண்டுக்கும் நடுவில் எந்தத் தகவலும் வராத வண்டி என்று ஒன்று உண்டு. அதற்குப் பலகை கிடையாது. அண்ணன் ஃபாரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஏழு வருஷத்தில் சட்டைகள் மாறின, ஃபாரம் மாறவில்லை. நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கையில், பக்கத்தில் காற்றிலிருந்து மெக்கானிக்கின் குரல் "பரவாயில்ல" என்றது. அவள் நோட்டைப் புரட்டினாள். எட்டு மாதத்துக்கு முன் விளையாட்டாகக் கேட்ட கேள்வி: 'எங்க அண்ணனப் பிடிக்குமா உங்களுக்கு?' அண்ணன் மாதங்களை விரல் விட்டு எண்ணினார். "எட்டு மாசம் யோசிச்சு, பரவாயில்லயாமா?" என்றார். ஆனால் அடுத்த வாரம் மாப்பிள்ளைக்குப் புதிதாக ஒரு ஸ்க்ரூடிரைவர் செட் வாங்கி வந்தார்.

பதில் வரும் நேரத்தில் அங்கே ஒருவராவது இருக்க வேண்டும் அல்லவா? வேலை முடிந்து தினமும் நாலு மணிக்கு அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதினாலாம் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டிலில் வேறு யாராவது படுத்திருப்பார்கள். அவர்கள் வீட்டு ஆட்கள், இந்த அம்மா எந்த வழியில் சொந்தம் என்று விழிப்பார்கள். பதிமூன்றாம் கட்டிலில் பேக்கரிக்காரரின் மனைவி இருந்தாள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவள். அடிபட்ட நாளிலிருந்து அவள் இருக்கும் அறையில் எல்லாச் சத்தமும் மும்மடங்காயிற்று. ஸ்பூன் கீழே விழுந்தால் பக்கத்துத் தெருவில் நாய் குரைத்தது. அவள் கத்துவதைப் பேக்கரிக்காரர் திமிர் என்று நினைத்திருந்தார். விசாரணை அக்காதான் அவரிடம், திமிர் இல்லை, அவள் தலைக்குள் ஒரு பஸ் நிலையம் நடக்கிறது, மைக்கை அணைக்க ஆள் இல்லை என்றாள். அவர் அன்றே நாற்காலிக் கால்களுக்கெல்லாம் கம்பளித் துணி சுற்றினார். மறுநாள் அவள் ஐந்து நிமிஷம் தொடர்ந்து தூங்கினாள். அவர் வார்டு முழுவதற்கும் ரொட்டி கொண்டுவந்தார்.

அப்படி ஆரம்பித்ததுதான் நம் ஊர்ச் சனிக்கிழமைக் கூட்டம். விசாரணை அக்காவுக்கு வரமுடியாத நாளில் பேக்கரிக்காரர் உட்கார்ந்தார். அவருக்கு மாவு பிசையும் நாளில் கணக்கு வாத்தியார் உட்கார்ந்தார். பந்து தலையில் பட்டதிலிருந்து அவர் இருக்கும் அறையில் ஆறுக்கு மேல் எண்கள் தங்குவதில்லை, கடிகாரம் ஆறைத் தொட்டதும் மறுபடி ஒன்றுக்கு வந்துவிடும். அதனால் அவர் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய முறையில், ஆள் வந்து இழுத்துக்கொண்டு போகும்வரை உட்கார்ந்தார். ஒரு பதிலுக்காகக் காத்திருந்தவர்கள், காத்திருக்கிற நேரத்தில் பதினாலாம் கட்டிலுக்குப் புதிதாக வந்த குடும்பத்திடம் பேச்சுக் கொடுத்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். டிவியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். களைப்பு என்று சொன்னால் சோம்பேறித்தனம் என்று அர்த்தமில்லை, குளித்துச் சட்டை போட்டதே அவருக்கு மலை ஏறினது. நேற்றுச் செய்ததை இன்று செய்யவில்லையா, அடம் இல்லை, வழி தப்பிவிட்டது. நீங்களும் போய்ச் சாப்பிடுங்கள். ஆஸ்பத்திரி ஒரு பழைய சலவை அறையை ஒழித்துக் கொடுத்தது. டீச்சர் கரும்பலகையில் மூளையை வரைந்தாள். எல்லோருக்கும் அது முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது, யாரும் சொல்லவில்லை. பலகையின் மேல் ஓரத்தில் விசாரணை அக்கா எழுதினாள்: 'கேளுங்க. காத்திருங்க. பதிலை நீங்களே சொல்லாதீங்க.' அதை எழுத அவளுக்கு எந்தத் தகுதியும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தகுதி உள்ளவர்கள் யாரும் அன்று வரவில்லை.

ஏழு வருஷத்தில் பதினாலாம் கட்டிலில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் படுத்து எழுந்தார்கள், சிலர் எழவில்லை. மெக்கானிக் கைத்தடி ஊன்றி நடந்தார், மொட்டை மாடியில் துணி காயப்போட்டார், கூடத்தில் உட்கார்ந்து தெருவிலுள்ள பழுதான சுவிட்சுகளை எல்லாம் பிரித்து மாட்டினார். சிரிக்கவில்லை. விசாரணை அக்கா அழுவதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. துக்கம் என்றும் இல்லை, தைரியம் என்றும் இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. ஓட்டை வழியாக வருவது வந்தது, போவது போனது. பல் வலிக்கு ஊசி போட்ட கன்னத்தை விரலால் தட்டிப் பார்ப்பதுபோல் அவ்வப்போது அந்த முதல் வரியைத் தொட்டுப் பார்ப்பாள். ஒன்றும் தெரியாது.

பிறகு அறிவிப்பு ஒட்டினார்கள். வார்டின் அந்தப் பாதியை இடித்து ஸ்கேன் அறை கட்டப் போகிறார்கள்; சுவருக்குள் ஈயத் தகடு வைப்பார்கள்; மாதக் கடைசி வெள்ளிக்கிழமையோடு கட்டில்கள் காலி. அதன்பின் அங்கே யாரும் உட்கார முடியாது. கூட்டத்தார் முறை வைத்துக்கொண்டு பார்வையாளர் நேரம் முழுக்க உட்கார்ந்தார்கள். மற்ற நேரத்துக்கு, வார்டைத் துடைக்கிற அம்மாவிடம் சொல்லிவைத்தார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம்தான். மெக்கானிக்கின் குரல் அவளுக்குத் தெரியாது. அதனால் பேக்கரிக்காரர் தெளிவாகச் சொன்னார்: "'தெரியும்' இல்ல 'தெரியாது'. இந்த ரெண்டுல ஒண்ணு கேக்கும். வேற எதையும் நீங்க மண்டையில ஏத்திக்க வேணாம்." காத்திருப்பதைப் பற்றி ஊருக்கே பாடம் நடத்தியவர்கள், வரப்போகிற பதில் எப்படி இருக்கவேண்டும் என்பதை மட்டும் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். நமக்கும் அப்போது அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கட்டில்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பதினாலின் நாலு சக்கரம் நின்ற இடத்தில் தரையில் நாலு குழி இருந்தது. விசாரணை அக்கா அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எதுவும் வரவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அண்ணனும் வந்தார். அவள் பேனாவைக் கேட்டு வாங்கி, சலவை அறை மேஜையில் ஃபாரத்தை விரித்து, கையெழுத்துப் போட்டாள். ஒரு டிக்கெட்டில் முத்திரை குத்துகிற மாதிரித்தான் இருந்தது. அண்ணன்தான் ஃபாரத்தை மடித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினார். கம்பளித் துணி சுற்றிய நாற்காலிகள்கூடச் சத்தம் போடவில்லை. அந்த அமைதியில் துடைக்கிற அம்மா வாளியோடு உள்ளே வந்து, மனக்குறையைக் கொட்ட இதுதான் நேரம் என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் இந்த ஆஸ்பத்திரியில இனிமே வேல பாக்க மாட்டேன். புதன்கிழம காலையில, தொடச்சிட்டு இருக்கேன், எவனோ என் செருப்பக் கிண்டல் பண்றான். திரும்பிப் பாக்குறேன், ஒருத்தனும் இல்ல. என் செருப்புக்கு என்ன கொற? ஒரே ஜோடி, ஒரே கடை!"

பேக்கரிக்காரர் அவளைச் சும்மா இருக்கும்படி கை காட்டினார். விசாரணை அக்கா பேனாவை மூடி வைத்தாள்.

"என்ன சொன்னான்?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப..."

"அப்படியே சொல்லுங்கம்மா. ஒரு வார்த்த விடாம."

துடைக்கிற அம்மா வாளியைக் கீழே வைத்து, குரலை ஆம்பிளைக் குரலாக்கிச் சொன்னாள்: "'ஏய், கால்ல பாரு. ஒண்ணு நம்ம வீட்டுது. இன்னொண்ணு யாரோடது?'"

"எந்த இடத்துல நின்னீங்க?"

"பதினாலுக்குப் பக்கத்துல. ஆனா நீங்க சொன்ன ரெண்டு வார்த்தையும் இல்லம்மா அது. நான் நல்லா காது குடுத்துக் கேட்டேன். தெரியும்னும் சொல்லல, தெரியாதுன்னும் சொல்லல. சும்மா செருப்பு."

விசாரணை அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். இரண்டும் பழுப்பு, அந்தப் பழைய ஜோடி தேய்ந்து, அதற்குப் பின் நாலு ஜோடி மாறியாயிற்று. கண் கீழே, தரைப் பக்கமாக இறங்கி, அங்கேயே நின்றதே, அது அவளுக்கு ஞாபகம் வந்தது. கூடவே, அந்த மூன்றாவது நொடியில் தான் வாய் திறக்கவில்லை என்பதும் தெரிந்தது. திறந்திருந்தால் இது வந்திருக்காது.

"அண்ணா, அந்த ஃபாரத்தக் குடு."

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"வண்டி வந்துடுச்சு."

துடைக்கிற அம்மாவிடம் நேரம் கேட்டாள். பதினொன்று இருபது என்றாள், டீ வருகிற நேரம். நோட்டு வீட்டில் இருந்ததால் ஃபாரத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்: புதன், 11.20, கட்டில் 14. அதை அண்ணன் திருப்பிக் கேட்கவில்லை. கூட்டம் அன்று வழக்கம்போல நடந்தது. டீச்சர் முட்டைக்கோஸின் இடது பக்கத்தைப் பற்றிப் பேசினாள். புதிதாக வந்திருந்த ஒரு தகப்பனார் மகனைப் பற்றிக் கேட்டார்: எத்தனை நாளில் சரியாகும்? விசாரணை அக்காவுக்கு அதற்குப் பதில் தெரியாது. மூன்று நொடி ஆயிற்று, முப்பது நொடி ஆயிற்று. அவள் அவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு அது பிடித்திருந்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மெக்கானிக் வாசலை ஒட்டிச் செருப்பு அலமாரியின் பக்கத்தில் உட்கார்ந்து, யாருடையதோ காலிங் பெல்லைப் பிரித்துப் பரப்பியிருந்தார். அவள் செருப்பைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். ஏழு வருஷமாக அவள் கேட்டாள், அவர் பதில் சொன்னார். இப்போது கேள்வி அவருடையது. விசாரணை ஜன்னலில் இத்தனை தாமதமாக அவள் யாருக்கும் பதில் சொன்னதில்லை.

"பக்கத்து வீட்டுக்காரங்களோடதுங்க," என்றாள். "அஞ்சாம் நாளே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. அரை டஜன் பழத்தக் குடுத்துட்டு."

அவர் ஒரு திருகாணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. அவள் உள்ளே போய் நோட்டில் எழுதினாள்: என்ன சொன்னோம், எங்கே, எப்போது.

பன்னிரண்டாம் நாள் காலை, பக்கத்து வீட்டுக்காரி கொஞ்சம் சர்க்கரை கேட்டு வந்து, டம்ளரை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, செருப்பு அலமாரியிலிருந்து முதலில் ஒரு உறுமல் வந்தது, பிறகு ஒரு குலுக்கல். அதற்கப்புறம் சிரிப்பு. மூன்று வீடு தாண்டிக் கேட்டது என்று மூன்றாம் வீட்டுக்காரர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள்.

"யாருக்கா சிரிக்கிறது?"

"அவருதான்."

"அவரு மாடியில துணி காயப்போட்டுட்டு இருக்காரே, இப்பத்தான் பாத்தேன்."

"ஆமா," என்று விசாரணை அக்கா கடிகாரத்தைப் பார்த்து நோட்டை எடுத்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பு முடியும்வரை டம்ளரோடு மரியாதையாக நின்றாள். முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டாள். இரண்டும் தன்னுடையதுதானா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போனாள்.